நெட்வொர்க் ஷேர் எல்லாத்தையும் டெர்மினல்லயே சுத்திப் பாக்கணும், எஸ்எம்பிட்ரீ அடிச்சா காலியா வருது

கருப்புத்திரை:

வணக்கம் மக்களே. எங்கிட்ட ஒரு லினக்ஸ் மெஷின் இருக்கு, மானிட்டர் கிடையாது, எஸ்எஸ்ஹெச்ல மட்டும்தான் உள்ள போக முடியும். அதே நெட்வொர்க்ல சில விண்டோஸ் மெஷின், ஒரு பழைய நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல மாட்டி வைக்கிற டிஸ்க் பெட்டி), இன்னொரு லினக்ஸ் சர்வர் எல்லாம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் யாராவது ஏதாவது ஃபோல்டரை ஷேர் பண்ணி வச்சிருக்காங்க, எது எங்க இருக்குன்னு யாருக்கும் முழுசா தெரியாது. விண்டோஸ் லேப்டாப்ல நெட்வொர்க்னு இருக்குறதை கிளிக் பண்ணா மெஷின் பேரெல்லாம் வரிசையா வருது, உள்ள போய் பாக்கலாம், ஃபைல் எடுக்கலாம். இதே வேலையை டெர்மினல்ல எப்படி செய்யறது?

தேடுனதுல எஸ்எம்பிட்ரீனு ஒரு கமாண்ட் சொன்னாங்க, மொத்த நெட்வொர்க்கையும் கிளை கிளையா பிரிச்சு காட்டும்னு. அடிச்சா பாஸ்வேர்ட் கேக்குது, கொடுத்தா கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு ஒண்ணும் சொல்லாம திரும்ப ப்ராம்ப்ட்டுக்கு வந்துடுது, எரர் கூட இல்ல. பிங் போகுது, லேப்டாப்ல எல்லாம் தெரியுது, இங்க மட்டும் காலி.

எந்த மெஷின்ல என்ன ஷேர் இருக்குன்னு தெரியணும், உள்ள நுழைஞ்சு சிடி, எல்எஸ் பண்ற மாதிரி சுத்தணும், தேவையான ஃபைலை எடுத்துக்கணும், அவ்ளோதான். முடிஞ்சா மவுன்ட் பண்ணாம (ஷேரை நம்ம ஃபோல்டர் மாதிரி மாட்டாம), ரூட் (அட்மின்) ஆகாம. இன்னொண்ணு, நிறைய ஃபைலுக்கு பேரே தமிழ்லதான் இருக்கு, அதனால ஏதாவது சிக்கல் வருமான்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழையகேபிள்:

ப்ரோ, நீங்க கேக்குறதுல ரெண்டு வேலை கலந்து கிடக்கு. நெட்வொர்க்ல யார் யார் இருக்காங்கன்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணு. பேர் தெரிஞ்ச சர்வருக்குள்ள போய் பாக்கறது இன்னொண்ணு. ஃபைல் மேனேஜர் ரெண்டையும் ஒரே ஜன்னல்ல காட்டுறதால ஒண்ணு மாதிரி தெரியுது. ரெண்டாவது வேலைக்கு டெர்மினல்ல அருமையான கருவி ரொம்ப காலமா இருக்கு. மொதல் வேலைதான் அடியோட மாறிப்போச்சு, எஸ்எம்பிட்ரீ காலியா வர்றதுக்கும் அதுதான் காரணம்.

பழைய முறை எப்படின்னா, நெட்பயாஸ் வழியா ஒவ்வொரு மெஷினும் "நான் இருக்கேன்"னு நெட்வொர்க் முழுக்க கேக்குற மாதிரி கத்தும், மெஷின்களுக்குள்ள ஒரு தேர்தல் மாதிரி நடந்து ஒண்ணு மாஸ்டர் பிரவுசரா ஆகும், அது மத்தவங்க பேரையெல்லாம் லிஸ்ட்ல வச்சுக்கும். சாதாரணமா 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை அறிவிப்பு, 3 அறிவிப்பு தவறுனாத்தான் லிஸ்ட்ல இருந்து பேர் போகும், அதனால ஆஃப் பண்ண மெஷின் கூட அரைமணி நேரத்துக்கு மேல லிஸ்ட்ல நிக்கும். அந்த லிஸ்ட்டை வாங்கறதுக்கு எஸ்எம்பி 1 வேணும், அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பேசற எஸ்எம்பி பாஷையோட பழைய வெர்ஷன். 2017 மே மாசம் வன்னாக்ரை ரான்சம்வேர் பரவுனது இந்த எஸ்எம்பி 1ல இருந்த ஓட்டை வழியாத்தான், மைக்ரோசாஃப்ட் அதுக்கு மார்ச்லயே பேட்ச் விட்டிருந்தும் போடாத மெஷின் எல்லாம் மாட்டுச்சு. அதே வருஷ கடைசியில வந்த விண்டோஸ் 10, 1709 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா எஸ்எம்பி 1 தானா வர்றதில்ல. லினக்ஸ்ல எஸ்எம்பி பேசற சாம்பா பக்கமும் 2019ல வந்த 4.11ல இருந்து குறைஞ்சபட்சம் எஸ்எம்பி 2னு ஆக்கிட்டாங்க. அப்ப எஸ்எம்பிட்ரீ கூப்பிட்டுப் பாக்குது, பதில் சொல்ல ஆளே இல்ல, அதனால எரரும் இல்லாம காலியா திரும்புது. உங்க செட்டப்ல ஒண்ணும் உடையல. எஸ்எம்பி 1ஐ திரும்ப ஆன் பண்ணுங்கன்னு எங்கயாவது எழுதியிருந்தா தயவுசெஞ்சு கேக்காதீங்க, லிஸ்ட் வர்றதுக்காக மொத்த நெட்வொர்க்கையும் திறந்து விடறது தேவையே இல்லாத ஆபத்து.

இப்ப ரெண்டாவது வேலை. கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துல எழுதுறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்துல அடிச்சுக்கங்க, கேபிட்டல்னு சொல்லாத ஆப்ஷன் எல்லாம் சின்ன எழுத்து.

எஸ்எம்பிகிளையன்ட் -எல் //சர்வர்பேர் -யு யூசர்பேர்

எல்லும் யுவும் கேபிட்டல். பேருக்கு பதிலா ஐபி அட்ரஸும் கொடுக்கலாம். அந்த சர்வர்ல இருக்குற ஷேர் எல்லாம் வரும், டிஸ்க்னு போட்டிருந்தா ஃபோல்டர், பிரின்டர்னா பிரின்டர், ஐபிசி$னு ஒண்ணு எப்பவும் இருக்கும் அதை விட்டுடுங்க. பேர் கடைசியில $ இருக்குறது மறைச்சு வச்ச ஷேர், ஆனா மறைக்கிறது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் பக்கத்து ஏற்பாடுதான், சர்வர் எல்லாத்தையும் அனுப்பத்தான் செய்யும், எஸ்எம்பிகிளையன்ட் ஒளிக்காம காட்டிடும். லிஸ்ட் முடிஞ்சதும் எஸ்எம்பி 1 டிசேபிள்ட், ஒர்க்குரூப் இல்லன்னு ஒரு வரி வரும், அதைப் பாத்து பயப்படாதீங்க, மேல சொன்ன பழைய லிஸ்ட் கிடைக்கலன்னு சொல்லுது, அவ்ளோதான்.

உள்ள போக -எல் எடுத்துட்டு //சர்வர்பேர்/ஷேர்பேர்னு கொடுங்க. எஃப்டிபி மாதிரி ஒரு ப்ராம்ப்ட் வரும். சிடி, எல்எஸ், கெட், புட் எல்லாம் உண்டு, டேப் அடிச்சா பேர் தானா முழுசாகும், பேர்ல ஸ்பேஸ் இருந்தா டபுள் கோட் போடணும். மோர்னு அடிச்சா ஃபைலை இறக்கி பேஜர்ல காட்டும், டெக்ஸ்ட் ஃபைலை சும்மா எட்டிப் பாக்க ரொம்ப வசதி. எல்சிடி நம்ம பக்கத்து ஃபோல்டரை மாத்தும். பாதியில நின்ன டவுன்லோடை ரீகெட் தொடரும். ஒரு ஃபோல்டரை அப்படியே எடுக்கணும்னா ரிகர்ஸ், அப்புறம் ப்ராம்ப்ட், அப்புறம் எம்கெட் *, இந்த மூணும் வரிசையா. ப்ராம்ப்ட் அடிக்க மறந்தா ஒவ்வொரு ஃபைலுக்கும் எடுக்கவான்னு கேட்டுட்டே இருக்கும். மவுன்ட் வேணாம், ரூட் வேணாம், நீங்க கேட்ட மாதிரியே.

எது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு என் யோசனை இது. எஸ்எம்பிகிளையன்ட்ல -சி கொடுத்து கோட்டுக்குள்ள 'ரிகர்ஸ்; எல்எஸ்'னு போட்டா மொத்த ஷேரோட ஃபைல் லிஸ்ட்டும் கொட்டும், அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு திருப்பி விட்டுடுங்க. ஷேருக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அப்புறம் எந்த ஃபைலைத் தேடணும்னாலும் டெக்ஸ்ட்ல தேடற கிரெப் கமாண்ட்தான், நெட்வொர்க்கையே தொட வேணாம். ராத்திரி க்ரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டற ஏற்பாடு) ஓட விட்டா காலையில புது லிஸ்ட் ரெடி.

ஜன்னல்மூடி:

விண்டோஸ் பக்கத்துல கமாண்ட் லைன்லயே உக்கார்றவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன், இங்க தேடி வர்றவங்க நிறைய பேர் அந்தப் பக்கம்தான்.

நெட் வியூனு சும்மா அடிச்சா இப்ப 6118 எரர்தான் வரும், ஒர்க்குரூப் சர்வர் லிஸ்ட் கிடைக்கலன்னு. மேல பழையகேபிள் அண்ணன் சொன்ன அதே காரணம். ஆனா நெட் வியூ \\சர்வர்பேர்னு பேரோட கொடுத்தா ஷேர் லிஸ்ட் ஜம்முனு வரும், கூட /ஆல் போட்டா $ போட்ட ஷேரும் வரும்.

பழைய சிஎம்டில சிடி \\சர்வர்\ஷேர்னு போக முடியாது, யூஎன்சி பாத்தை (இப்படி \\ல ஆரம்பிக்கிற பாதை) கரன்ட் டைரக்டரியா வச்சுக்க மாட்டேன்னு சொல்லிடும். புஷ்டி \\சர்வர்\ஷேர்னு அடிங்க, அதுவே இசட்ல இருந்து பின்னாடி வந்து காலியா இருக்குற டிரைவ் லெட்டரை மாட்டி உள்ள கூட்டிட்டுப் போயிடும், வேலை முடிஞ்சதும் பாப்டி அடிச்சா லெட்டரும் கழண்டுடும், நெட் யூஸ் போட்டு அப்புறம் டெலிட் பண்ண மறந்து கிடக்குற தொல்லை இல்ல. பவர்ஷெல்ல இந்தத் தொல்லையே கிடையாது, நேரா சிடி போகும். சும்மா பாக்க மட்டும்னா டிஐஆர் \\சர்வர்\ஷேர் எங்க இருந்தாலும் வேலை செய்யும்.

ரெண்டு எரர் மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. 53 வந்தா பேரோ நெட்வொர்க்கோ சரியில்ல, அந்த மெஷினையே பிடிக்க முடியல. 1219 வந்தா அதே சர்வருக்கு ஏற்கனவே வேற யூசர் பேர்ல ஒரு கனெக்ஷன் இருக்கு, நெட் யூஸ் அடிச்சுப் பாத்து அதை டெலிட் பண்ணிட்டு திரும்ப போங்க. அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்த ஜன்னல்ல மாட்டுன டிரைவ் லெட்டர் சாதாரண ஜன்னல்ல தெரியாது, அந்தப் பக்கமும் அப்படித்தான், டிரைவ் காணோம்னு தேடறவங்க மொதல்ல இதைப் பாருங்க.

மேக்ல இருக்கறவங்க எஸ்எம்பியூட்டில் வியூ //யூசர்@சர்வர் அடிச்சா இதே லிஸ்ட் வரும்.

445சுந்தரி:

ஆளைக் கண்டுபிடிக்கிற மொதல் வேலையை யாரும் இன்னும் தொடல, அதை நான் சொல்றேன்.

உங்க விண்டோஸ் லேப்டாப் மத்த மெஷின் பேரை காட்டுதுன்னா அது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி வழியா வருது, யூடிபி 3702 போர்ட். நாஸ், மேக், லினக்ஸ் இதெல்லாம் பெரும்பாலும் எம்டிஎன்எஸ் பேசும், அது யூடிபி 5353. ரெண்டும் ரெண்டு பாஷை, அதனால ஒரே கமாண்ட்ல எல்லாரும் வர மாட்டாங்க. எம்டிஎன்எஸ் பக்கத்துக்கு

அவாஹி-பிரவுஸ் -ஆர்டி _எஸ்எம்பி._டிசிபி

அடிங்க, நாஸ் பாக்ஸ் பேர், ஐபி, போர்ட் எல்லாம் சொல்லிட்டு நின்னுடும். கடைசியில சர்வீஸ் பேருக்கு பதிலா -ஏ போட்டா நெட்வொர்க்ல இருக்குற எல்லா சர்வீஸும் கொட்டும், பிரின்டர்ல இருந்து எஸ்எஸ்ஹெச் வரைக்கும், ஒரு தடவை பாக்க வேண்டியதுதான்.

விண்டோஸ் மெஷின் இதுல தன்னோட ஷேரை அறிவிக்காது. அதுக்கு நான் நம்புறது போர்ட்டை தட்டிப் பாக்கறதைத்தான், ஏன்னா எந்த அறிவிப்பு முறை செத்தாலும் ஃபைல் ஷேர் பண்ற மெஷின் எஸ்எம்பியோட போர்ட் 445ஐ திறந்து வச்சுத்தான் ஆகணும்.

என்மேப் -பி 445 --ஓபன் 192.168.1.0/24

உங்க நெட்வொர்க் ரேஞ்ச் வேறயா இருந்தா மாத்திக்கங்க. 254 அட்ரஸையும் சீக்கிரமே தட்டிப் பாத்துடும், ரூட் வேணாம். வந்த ஐபிகளை ஒரு லூப்ல விட்டு ஒவ்வொண்ணுக்கும் எஸ்எம்பிகிளையன்ட் -எல் ஓட்டுங்க, கூட சின்ன ஜி போட்டீங்கன்னா அவுட்புட் வகை, பேர், குறிப்புன்னு நடுவுல | போட்டு ஒரே வரியா வரும், டிஸ்க்னு ஆரம்பிக்கிற வரியை மட்டும் கிரெப் பண்ணா மொத்த நெட்வொர்க்கோட ஷேர் லிஸ்ட் கையில. எஸ்எம்பிட்ரீ கொடுக்க வேண்டியதை நீங்களே கட்டிட்டீங்க.

ரெண்டு விஷயம் ரொம்ப முக்கியம். உங்களோடது இல்லாத நெட்வொர்க்ல, வேலை பண்ற இடத்துலயும் சேத்துத்தான் சொல்றேன், ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கறவங்ககிட்ட சொல்லிட்டு பண்ணுங்க, அந்தப் பக்கம் அலாரம் அடிக்கும். அதே மாதிரி பாஸ்வேர்ட் தப்பா வச்சு லூப் ஓட்டாதீங்க, டொமைன் அக்கவுண்ட்டா இருந்தா சில தப்பு முயற்சியிலேயே லாக் ஆகிடும், அப்புறம் லேப்டாப்லயும் உள்ள போக முடியாது. ஒரு சர்வர்ல கையால அடிச்சு சரியா போகுதான்னு பாத்துட்டு லூப்பைத் தொடுங்க.

லினக்ஸ் சர்வர் என்எஃப்எஸ்ல (எஸ்எம்பி இல்லாத இன்னொரு ஷேர் முறை) ஷேர் பண்ணியிருந்தா 445ல சிக்காது. ஷோமவுன்ட் -இ சர்வர்பேர் அடிச்சுப் பாருங்க. என்எஃப்எஸ் 4 மட்டும் ஓடற சர்வர் அதுக்கு பதில் சொல்லாம போகலாம், அப்ப சர்வர்பேர்:/ னு அதோட ரூட்டையே மவுன்ட் பண்ணா உள்ள எல்லா எக்ஸ்போர்ட்டும் ஃபோல்டரா நிக்கும், அதுக்கு மட்டும் ரூட் வேணும்.

கருப்புத்திரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எஸ்எம்பிட்ரீ ஏன் அமைதியா இருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. என்மேப்ல எல்லா மெஷினும் வந்துடுச்சு, லினக்ஸ் சர்வருக்குள்ள எஸ்எம்பிகிளையன்ட்ல போயும் பாத்துட்டேன், சூப்பரா இருக்கு.

ஒரு விண்டோஸ் மெஷின்ல மட்டும் லாகான் ஃபெயிலியர்னு வருது, அந்த மெஷின்ல உக்காந்து அதே நம்பரை அடிச்சா திறக்குது. நாஸ்ல ப்ரோட்டோகால் நெகோஷியேஷன் ஃபெயில்ட்னு சொல்லி கனெக்ஷனை வெட்டிடுது. அப்புறம் லூப் ஓட்ட ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேக்குது, கமாண்ட்லயே யூசர்%பாஸ்வேர்ட்னு எழுதலாம்னு பாத்தேன், அது சரியா?

பழையகேபிள்:

நம்பர்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷயம். அது பின். பின் அந்த மெஷினுக்கு முன்னாடி உக்காந்தா மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு அக்கவுண்ட்டோட உண்மையான பாஸ்வேர்ட் வேணும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியிருந்தா யூசர் பேர் அந்த முழு ஈமெயில் அட்ரஸ், பாஸ்வேர்ட் அந்த அக்கவுண்ட்டோடது. எனக்குப் பிடிச்ச வழி என்னன்னா அந்த விண்டோஸ்ல ஷேருக்குன்னே ஒரு லோக்கல் யூசரை பாஸ்வேர்டோட உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு மட்டும் படிக்கிற உரிமை கொடுக்கறது. கெஸ்ட்டா பாஸ்வேர்ட் இல்லாம போகலாம்னு நினைக்காதீங்க, விண்டோஸ் 11, 24ஹெச்2ல அதுக்கு ப்ரோ எடிஷன்லயும் கதவை சாத்திட்டாங்க, அது நல்லதுக்குத்தான்.

எரர் பேரை எல்லாரும் ஒரே மாதிரி "போகல"ன்னு எடுத்துக்கறாங்க, அது ஒவ்வொண்ணும் தெளிவா ஒரு இடத்தைக் காட்டும். லாகான் ஃபெயிலியர்னா பேர் இல்ல பாஸ்வேர்ட் தப்பு. ஆக்சஸ் டினைட்னா உங்களை யாருன்னு தெரிஞ்சுடுச்சு, ஆனா அந்த இடத்துக்கு உரிமை இல்ல. பேட் நெட்வொர்க் நேம்னா சர்வர் சரி, ஷேர் பேர்தான் அங்க இல்ல. டைம்அவுட்னா பெரும்பாலும் ஃபயர்வால், விண்டோஸ்ல நெட்வொர்க்கை பப்ளிக்னு விட்டிருந்தாலும் இதே கதைதான்.

நாஸ்ல வர்றது வேற. அது எஸ்எம்பி 1 மட்டும் பேசற பழைய பாக்ஸ். மொதல்ல அதோட வெப் பேஜ்ல செட்டிங்ஸ் போய் எஸ்எம்பி 2ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கான்னு பாருங்க, நிறைய பாக்ஸ்ல இருக்கும், ஆஃப்ல கிடக்கும், இல்லன்னா ஃபர்ம்வேர் அப்டேட்ல வரும். ரெண்டும் இல்லன்னா அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் கடைசியில

--ஆப்ஷன்='கிளையன்ட் மின் ப்ரோட்டோகால்=என்டி1'

னு சேத்துக்கங்க, என்டி1ன்னா எஸ்எம்பி 1தான். கான்ஃபிக் ஃபைல்ல எழுதாதீங்க, எழுதுனா எல்லா சர்வருக்கும் அந்தப் பழைய கதவு திறந்துடும். டேட்டாவை வேற இடத்துக்கு மாத்தறதுக்கு மட்டும் இதைப் பயன்படுத்திட்டு அந்த பாக்ஸை நெட்வொர்க்ல இருந்து எடுத்துடுங்க.

பாஸ்வேர்டை கமாண்ட்ல எழுதாதீங்க, ஷெல் ஹிஸ்டரில அப்படியே உக்காந்துக்கும். ஒரு சின்ன ஃபைல்ல யூசர்நேம்=, பாஸ்வேர்ட்=, தேவைன்னா டொமைன்= இப்படி வரிக்கு ஒண்ணா எழுதி, சிஹெச்மாட் 600 போட்டு, எஸ்எம்பிகிளையன்ட்ல கேபிட்டல் ஏ கொடுத்து அந்த ஃபைலைக் காட்டுங்க. = சுத்தி ஸ்பேஸ் விடாம எழுதுனா இதே ஃபைல் சிஃப்ஸ் மவுன்ட்டுக்கும் (லினக்ஸ்ல எஸ்எம்பி ஷேரை மவுன்ட் பண்றது) உதவும்.

மவுன்ட்மாணிக்கம்:

எல்லாம் சரி அண்ணா, ஆனா தினமும் போற ஷேருக்கு எஸ்எம்பிகிளையன்ட் ப்ராம்ப்ட்ல உக்கார்றது கஷ்டம், நான் மவுன்ட் கட்சி. மவுன்ட் பண்ணிட்டா ஃபைண்ட், கிரெப், ஆர்சிங்க், எம்சி, எது வேணா நேரா ஓடும், எஸ்எம்பிகிளையன்ட்ல அதுக்குள்ள என்ன கமாண்ட் இருக்கோ அது மட்டும்தான்.

ரூட் வேணாம்னா எஃப்எஸ்டேப்ல (மவுன்ட் பட்டியல் இருக்குற கான்ஃபிக் ஃபைல்) ஒரு தடவை மட்டும் ரூட்டா வரி எழுதிடுங்க, சிஃப்ஸ் டைப், கிரெடென்ஷியல்ஸ்= அந்த ஃபைல் பாத், யுஐடி= உங்க யூசர், நோஆட்டோ, யூசர்ஸ். அதுக்கப்புறம் சாதாரண யூசரே மவுன்ட் பண்ணலாம். சிஃப்ஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜ் போடாம மவுன்ட் அடிச்சா ராங் எஃப்எஸ் டைப்னு சம்பந்தமில்லாத மாதிரி ஒரு எரர் வரும், அந்த பேக்கேஜ் போட்டா போயிடும். எரர் 13ன்னா பாஸ்வேர்ட், உரிமை. 112 ஹோஸ்ட் ஈஸ் டவுன்னு வந்து பிங் மட்டும் போகுதுன்னா எஸ்எம்பி வெர்ஷன் ஒத்துப் போகல, உங்க நாஸ்ல அதுதான் வரும். லினக்ஸ் கெர்னல் 4.13க்கு முன்னாடி வெர்ஸ்= சொல்லலன்னா எஸ்எம்பி 1லதான் போகும், 4.13ல இருந்து அதை விட்டுட்டாங்க, பழைய வலைப்பதிவுல இருக்குற மவுன்ட் வரி இப்ப ஓடாததுக்கு பாதி காரணம் இது.

கூடவே எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுன்ட்னு சேத்துட்டா ஃபோல்டருக்குள்ள சிடி பண்ற நொடியில தானா மவுன்ட் ஆகும், ஐடில்-டைம்அவுட் கொடுத்தா கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா தானா கழண்டுக்கும்.

லினக்ஸ் சர்வருக்கு எஸ்எம்பியே எதுக்கு, எஸ்எஸ்ஹெச் இருக்குல்ல. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் யூசர்@சர்வர்:/பாத் ஃபோல்டர், ரூட்டே வேணாம், முடிஞ்சதும் ஃப்யூசர்மவுன்ட் -யு. ஷேர் கீர்னு அந்தப் பக்கம் எதையும் அமைக்க வேணாம்.

445சுந்தரி:

மாணிக்கம், எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் பத்தி ஒத்துக்கறேன், ஆனா சுத்திப் பாக்க மட்டும்னா மவுன்ட் வேணாம்ங்கறதுல நான் உறுதியா இருக்கேன். யார் மெஷின் எப்ப ஆஃப் ஆகும்னு தெரியாத நெட்வொர்க்ல அஞ்சாறு மவுன்ட் கிடந்தா, ஒண்ணு செத்தாலும் டிஎஃப் அடிச்சா டெர்மினல் அப்படியே உறையும், ஃபைண்ட் / ல ஆரம்பிச்சா மாட்டிக்கும், என்எஃப்எஸ் மவுன்ட்டா இருந்தா அது இயல்புலயே ஹார்ட், சர்வர் திரும்ப வர்ற வரைக்கும் விடாம காத்திட்டே இருக்கும். யுமவுன்ட் -எல் போட்டு பிச்சுத்தான் எடுக்கணும். எஸ்எம்பிகிளையன்ட்ல சர்வர் போனா அந்த ஒரு ப்ராம்ப்ட் மட்டும்தான் போகும்.

டெஸ்க்டாப் பேக்கேஜ் கொஞ்சம் இருக்குற மெஷின்னா நடுவுல ஒரு வழி இருக்கு, ஜிஐஓ மவுன்ட் எஸ்எம்பி://சர்வர்/ஷேர். ரூட் வேணாம், ரன் ஃபோல்டர்ல உங்க யூசருக்கு கீழ ஜிவிஎஃப்எஸ்னு ஒரு இடத்துல போய் நிக்கும். எஸ்எஸ்ஹெச்ல வந்தா டிபஸ் செஷன் இல்லன்னு அழும், டிபஸ்-ரன்-செஷன் போட்டு ஒரு பேஷ் திறந்து அதுக்குள்ள அடிக்கணும். மானிட்டரே இல்லாத மெஷின்ல இதுக்காக பேக்கேஜ் ஏத்தறது எனக்குப் பிடிக்கல, இருந்தா பயன்படுத்திக்கங்க.

எழுத்துக்கூட்டி:

தமிழ் ஃபைல் பேர் பத்தி கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, இது எனக்கு ரொம்ப வேண்டிய விஷயம், விரிவா சொல்றேன்.

பேர் காட்டறதுல இப்ப பிரச்சினை வராது, எஸ்எம்பி பேரை யூனிகோட்ல அனுப்புது, உங்க லோக்கேல் யூடிஎஃப்-8ஆ இருந்தா போதும். லோக்கேல்னு அடிச்சுப் பாருங்க, மானிட்டர் இல்லாத மெஷின்ல சில சமயம் வெறும் சி இல்ல பாசிக்ஸ்னு கிடக்கும், அப்ப தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வரும். ஷேர் மேல பழி போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க.

உண்மையான சிக்கல் ரெண்டு. ஒண்ணு நீளம். விண்டோஸ்ல ஒரு பேர் 255 எழுத்தலகு வரைக்கும் போகலாம். லினக்ஸ்ல எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் கணக்கு வைக்கிறது பைட்ல, 255 பைட். யூடிஎஃப்-8ல தமிழ் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி குறியீடு, அதாவது கி, க் இதெல்லாம் ஒவ்வொண்ணும் 6 பைட். அப்ப 85 குறியீட்டுக்கு மேல இடமே இல்ல. விண்டோஸ்ல ஒரு வாக்கியம் நீளத்துக்கு பேர் வச்ச ஃபைலை கெட் பண்ணா ஃபைல் நேம் டூ லாங்னு நின்னுடும். கெட்டுக்கு ரெண்டாவதா ஒரு சின்ன பேர் கொடுத்தா அந்தப் பேர்ல இறங்கிடும்.

ரெண்டாவது இன்னும் நுணுக்கமானது. கொ, கோ, கௌ இந்த மூணு வகை எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ொ ஒரே குறியீடாவும் இருக்கலாம், ெ யும் ா வும் சேந்த ரெண்டு குறியீடாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு வேற வேற. விண்டோஸ், லினக்ஸ்ல டைப் பண்ணா வழக்கமா ஒண்ணா சேந்த வடிவம் வரும். மேக்கோட பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்ல போய் வந்த பேர் பிரிஞ்ச வடிவத்துல இருக்கும். அப்ப "தொகுப்பு"னு ஒரு ஃபோல்டர் எல்எஸ்ல கண் முன்னாடி நிக்கும், சிடி தொகுப்புன்னு அடிச்சா அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்லும், கிரெப்லயும் சிக்காது. இன்னும் மோசம், ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் நிக்கும், எது எதுன்னே தெரியாது. சந்தேகம் வந்தா எல்எஸ் அவுட்புட்டை எக்ஸ்எக்ஸ்டிக்கு பைப் பண்ணி பைட்டைப் பாருங்க, நீளம் வித்தியாசமா இருக்கும்.

சரி பண்ண கன்வ்எம்வினு ஒரு கருவி இருக்கு. கன்வ்எம்வி -ஆர் -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி ஃபோல்டர்பேர். என்எஃப்சின்னா அந்த ஒண்ணா சேந்த வடிவம். இப்படி ஓட்டுனா அது சும்மா என்ன மாத்துவேன்னு மட்டும் காட்டும், எதையும் தொடாது, பாத்து திருப்தின்னா --நோடெஸ்ட் சேத்து திரும்ப ஓட்டுங்க. பழையகேபிள் அண்ணன் சொன்ன லிஸ்ட் ஃபைலை கிரெப் பண்ற முறைக்கும் இதே ஆபத்து உண்டு, அந்த டெக்ஸ்ட் ஃபைலை யூகான்வ்ல என்எஃப்சிக்கு மாத்திட்டு சேமிச்சா தேடறப்ப எதுவும் தப்பாது.

கருப்புத்திரை:

எழுத்துக்கூட்டி, நீங்க சொன்னது அப்படியே எங்க நாஸ்ல இருக்கு! ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் ரொம்ப நாளா கிடந்துச்சு, எக்ஸ்எக்ஸ்டில பாத்தா ஒண்ணு பிரிஞ்ச வடிவம். நாஸ்ல எஸ்எம்பி 2 ஆப்ஷனும் செட்டிங்ஸ்ல இருந்துச்சு, ஆன் பண்ணதும் கனெக்ட் ஆகிடுச்சு, என்டி1 தேவைப்படல. விண்டோஸ்ல தனி யூசர் உருவாக்கி போறேன். ராத்திரி லிஸ்ட் எடுக்க க்ரானும் போட்டாச்சு.

கடைசியா ஒண்ணு. அந்த ரெண்டு ஃபோல்டரையும் கன்வ்எம்வி போட்டா ஒரே பேருக்கு வந்து ஒண்ணு மேல ஒண்ணு எழுதிடாதா? ரெண்டுலயும் வேற வேற ஃபைல் இருக்கு.

எழுத்துக்கூட்டி:

எழுதாது, அந்தப் பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா கன்வ்எம்வி சொல்லிட்டு அதை விட்டுடும், --ரிப்ளேஸ் மட்டும் சேத்துடாதீங்க. உங்க கேஸ்ல மொதல்ல பிரிஞ்ச வடிவத்துல இருக்குற ஃபோல்டருக்கு கையால வேற பேர் வச்சுடுங்க, பேரை டைப் பண்ணா சிக்காது, அதனால எல்எஸ் -ஐ போட்டு ஐநோட் நம்பர் எடுத்து ஃபைண்ட் -ஐநம் வழியா எம்வி பண்ணுங்க. எஸ்எம்பி மவுன்ட் மேல இதைப் பண்ணாதீங்க, நாஸ்லயே எஸ்எஸ்ஹெச் இருந்தா அங்க போய் பண்ணுங்க. அப்புறம் உள்ள இருக்குற ஃபைல் பேர்களுக்கு கன்வ்எம்வி, அது முடிஞ்சதும் ஆர்சிங்க்ல --இக்னோர்-எக்ஸிஸ்டிங் கொடுத்து மத்த ஃபோல்டருக்குள்ள சேத்துடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே பேர்ல வேற வேற உள்ளடக்கம் இருக்குற ஃபைலை அது தொடாம விட்டுடும், அதை மட்டும் திறந்து பாத்து முடிவு பண்ணுங்க. பழைய ஃபோல்டரை அது வரைக்கும் அழிக்க வேணாம்.